இரண்டு முழம் மல்லிகை

ஞானசேகருக்கு வரும் மெயில்களை அவருடைய மென்பொருளே படித்து, அவர் நடையிலேயே பதிலும் அனுப்பிவிடும். அவராக ஒன்றைத் திறந்து பார்த்து வருடமாகிறது.

மதுரைக்குப் போன இடத்தில், நண்பர் பூமிநாதனின் மனைவி கோமதி தலையில் வைத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். கூடத்தில் கோமதியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

பூமிநாதன் பூவை வாங்கிப் படத்துக்குச் சாத்தினார்.

"அவளுக்குப் பிடிச்சதை மறக்காம வாங்கிட்டு வந்திருக்கியேப்பா. அவ போனப்ப எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னாங்க. உன் மெயிலைப் படிச்சப்பதான் எனக்கு அழுகையே வந்துச்சு. ஒருதடவை உன் வாயால படியேன்," என்று அச்செடுத்த தாளை நீட்டினார்.

முதல் வரியிலேயே ஞானசேகர் படிப்பதை நிறுத்தி, அவமானத்தில் தாளால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எனக்கும் அந்த வரியிலதான்பா முடியலை," என்று பூமிநாதன் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.