பல்லக்குத் தூக்கியின் பார்வை

இருநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஓவியர் கோனேரி ராஜுவின் பாணியில் கண்காட்சிக்குப் புதுப் படங்கள் கேட்டார்கள். அவருடைய ஓவியங்கள் அத்தனையையும் ஏஐக்குப் பழக்கியவள் இளவேனி. ஜமீன்தாரை வரையச் சொன்னால் மீசையும் மிடுக்குமாக வந்து நின்றார். பல்லக்குத் தூக்குபவரை மட்டும், நேரே பார்க்கிறார் என்று எத்தனை விதமாக எழுதிக் கேட்டாலும், அது தலைகுனிய வைத்தே அனுப்பியது. ராஜு பல்லக்குத் தூக்குபவர்களில் ஒருவரைக்கூட நிமிர்த்தி வரைந்ததில்லை. இளவேனியின் முன்னோர்கள் பல்லக்குத் தூக்கியவர்கள். மூன்றாம் நாள் நேரே பார்க்கும் தன் அப்பாவின் புகைப்படத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். அடுத்து வந்த ஓவியத்தில் பல்லக்குத் தூக்குபவர் நிமிர்ந்துவிட்டார்.

கண்காட்சி மேலாளர் சபாபதி திரையைப் பார்த்து முகம் சுளித்தார். "இது ராஜு ஸ்டைலே இல்லம்மா. அழிச்சிடு."

"கோடு, வண்ணம், நகை எல்லாம் அவரோடதுதான் சார்."

"அந்தப் பார்வை?"

"அது எங்களோடது."

"கண்காட்சியில வைக்க நான் விடமாட்டேன்."

இளவேனி பிரிண்ட் கொடுத்தாள். அகலமான தாள் மெதுவாக இறங்கியது. முதலில் தலைப்பாகை வந்தது, பிறகு நெற்றி. சபாபதி பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார். அதற்குள் கண்கள் வெளியே வந்துவிட்டன.