துப்பாத மிடறு

ஒயினை வர்ணித்தே வயிறு வளர்த்த தயாபரன், ஒயின் ருசி பார்க்கும் விருந்தறைக்குள் நுழைந்ததும் பரிமாற நின்ற பிலோமினாவைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "அந்த மல்லிப்பூவை வெளியில போட்டுட்டு வாம்மா. உன் வாசனையில என் ஒயின் செத்துடும்." அவள் பூவைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். விருந்தாளிகள் ஆறு பேரும் அவரைப் போலவே ஒவ்வொரு ஒயினையும் வாயில் குதப்பி, மேசை நடுவிலிருந்த கண்ணாடிக் குடுவையில் துப்பினார்கள். விழுங்குகிறவன் குடிகாரன் என்பது அவர் சட்டம். கடைசியாகக் காட்டுத் திராட்சை ஒயின், அதே மாதிரி இன்னொரு குடுவையில் வந்தது. பேச்சு மும்முரத்தில் அவர் கை, எல்லாரும் துப்பிய குடுவையை எடுத்துக் கோப்பையை நிரப்பியது.

"சார், அது..." என்றாள் பிலோமினா.

"உனக்கென்ன தெரியும்? வாயை மூடு."

மோந்தார். உறிஞ்சினார். கண்கள் சொருகின. "அடடா, காடு! மழையில நனைஞ்ச பாறை, கிடா ரோமம், அடங்காத மிருகம்! மனுஷ வாடையே இல்ல!" அன்று முதல் தடவையாக, துப்பாமல் விழுங்கினார்.

ஆறு கோப்பைகள் பயபக்தியோடு நீண்டன. பிலோமினா அந்தக் குடுவையை இரண்டு கைகளாலும் தூக்கினாள்.

"எல்லாருக்கும் ஊத்தட்டுங்களா, சார்?"