உர்சுலா தொடாத கிண்ணம்

பெலிஸ் எழுந்தான். பாயைச் சுருட்டினான். கோழிகளுக்குத் தேங்காய்ச் சக்கை போட்டான். முகம் மழித்தான். காபி போட்டு, அது ஆறிப்போன பிறகு குடித்தான்.

முந்தின இரவு ஜெபமாலைக்கு வந்தவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்தான். இறந்துபோன மனைவி உர்சுலாவுக்கான ஒன்பது நாள் ஜெபமாலை இன்று இரவோடு முடிகிறது.

அடுப்படியில் மாமியார் திரினிடாட் சிவப்புச் சோறு கிளறிக்கொண்டிருந்தாள். தினமும் கேட்பதை இன்றும் கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னா, மாப்ள?"

"மாதா பேரைச் சொன்னா, அத்தை."

"எம்பொண்ணா? பூசையில உட்கார்ந்துக்கிட்டே தூங்குறவ."

வாசலில் ஜீப் வந்து நின்றது. கின் இறங்கினான். பெலிஸோடு கல்லூரியில் படித்தவன். இப்போது வனத்துறையில் இருக்கிறான். கையில் ஒரு சோப்பு டப்பா. உள்ளே, பஞ்சின் மேல், சிறிய மண்டையோடு.

பனிஹியுடையது. குவாம் தீவில் பழந்தின்னி வௌவாலுக்கு அதுதான் பெயர். முடியோடு முழுசாகத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பார்கள். காய்ச்சலில் கிடந்த உர்சுலா கேட்டது அது ஒன்றைத்தான்.

பெலிஸ் காடெல்லாம் அலைந்து ஒன்றே ஒன்றைச் சுட்டு வந்தான். உள்ளங்கையை விடச் சற்று நீளம். குட்டி என்றார்கள் எல்லாரும். சின்னதாக இருந்தால் குட்டி. அந்தத் தீவில் யாரும் வேறு மாதிரி நினைத்ததில்லை.

உர்சுலா போன அன்று, அப்படியே இருந்த கிண்ணத்தைப் பூனைக்குக் கவிழ்க்கப் போன பெலிஸைத் தடுத்து, தலையை மட்டும் கேட்டு வாங்கிப்போனான் கின்.

"என்ன வாத்தியாரே, உயிரியல் பாடம் எடுக்குற உனக்கே தெரியலையா?" கின் சிரிக்கப் பார்த்தான். முடியாமல் விட்டுவிட்டான். "பல்லைப் பாரு. எப்படித் தேஞ்சிருக்கு. இது குட்டி இல்லடா. கிழவி. வேற இனம். இதோட வளர்த்தியே அவ்வளவுதான். இன்னொண்ணு எங்கயாவது கண்ணுல பட்டுச்சா?"

"இல்ல."

"நானும் தீவு பூரா தேடிட்டேன்." டப்பாவை மூடினான். "இதுதான் கடைசின்னு தோணுது."

பெலிஸ் தலையாட்டினான். சொன்னது காதில் விழுந்தது. அதற்கு மேல் எங்கும் போகவில்லை.

திரும்பினான். மாமியார் கரண்டியும் கையுமாகக் கதவருகே நின்றிருந்தாள்.

"நான் தேங்காய் எடுக்கப் போன நேரத்துல, அந்தக் கிண்ணத்தைப் பார்த்து அவ என்னவோ சொன்னா. குரல் மட்டும் கேட்டுச்சு. மாதாவெல்லாம் வேணாம், மாப்ள. அவ சொன்னதைக் குடு. நான் பெத்தவ."

இன்னொரு பொய்யை யோசிக்க அவனிடம் தெம்பு இல்லை.

"கிண்ணத்தைத் தள்ளி வெச்சுட்டா, அத்தை. 'போயும் போயும் குட்டியைக் கொண்டாந்திருக்கியே, பெலிஸ். அதோட அம்மா தேடுமே'ன்னா."