மேல் தட்டு கார்டு

"அண்ணாச்சி, அந்த மேல் தட்டுல இருக்க கார்டை எடுங்க. அது என் கார்டு."

அப்போதுதான் கடை ஷட்டரைத் தூக்கியிருந்தார்கள். அன்றைக்கு முதல் ஆள். போணி ஆகப்போகிறதென்று ஜீனாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஏலே லிங்கராஜா! எத்தனை வருசமாச்சு! என்னலே இப்படி சதை போட்டுட்ட?" என்றார் அவள் கணவர் சாமுவேல்ராஜ். கார்டை மட்டும் எடுக்கவில்லை.

கோவில்பட்டியில் பழைய கம்ப்யூட்டரும் உதிரிகளும் வாங்கி விற்கிற கடை அது. மேல் தட்டில், கேமில் படத்தை ஓடவைக்கிற ஒரு 570 கிராபிக்ஸ் கார்டு. ஓரத்தில் வெள்ளை பெயிண்டில் 'லி' என்று எழுதியிருக்கும். அடியில், 'விற்பனைக்கு அல்ல' என்று ஒரு சீட்டு. ஏனென்று ஜீனா எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். 'கிடக்கட்டும்' என்பதற்கு மேல் ஒரு பதில் கிடையாது.

"என் பழைய கம்ப்யூட்டரை அப்படியே திரும்பச் சேக்குதேன் அண்ணாச்சி. அதே கேம்கூட வச்சிருக்கேன். இந்தக் கார்டு ஒண்ணுதான் பாக்கி."

"1050 டிஐ கார்டு ஒண்ணு கிடக்கு. அதைக் கொண்டுபோ. தனியா பவர் வயர் வேண்டாம், சூடும் கம்மி. நாலாயிரம் குடு, போதும்."

லிங்கராஜ் சிரித்துவிட்டான். "எனக்கேவா? அதுல செகண்டுக்கு நாப்பது ஃப்ரேம் படம் வர்ற கேம் 570ல அறுபது வரும். இதே மேசையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டி எண்ணுனோமே, மறந்துட்டீங்களா? ஆயிரம் ரூவா கூடப் போட்டா 570 கிடைக்கும்னா எவனாவது 1050ஐ வாங்குவானா?"

ஜீனா மறப்பாளா? அந்தச் சனிக்கிழமைகள்! ரெண்டு மானிட்டர், பத்துப் பையன்கள். 570 கட்சி ஒருபக்கம், 1050 கட்சி ஒருபக்கம். "அம்பத்தெட்டு... அறுபது!" என்று ஏலம் விடுகிற மாதிரி கத்துவான்கள். தோற்ற கட்சி கடலைமிட்டாய் வாங்கித் தரவேண்டும். ஜீனாவுக்கும் ஒரு பங்கு வந்துவிடும். ஆளுக்கொரு போன் வந்தபிறகு ஒரு பயலும் எட்டிப்பார்ப்பதில்லை.

"சரி, இப்பவும் ரெண்டையும் மாட்டி ஓட்டிப் பாப்போம் அண்ணாச்சி."

"அதெல்லாம் வேண்டாம்லே."

"அப்ப, இதை உங்ககிட்ட வித்தன்னைக்கு நீங்க எனக்குக் குடுத்த அதே பன்னெண்டாயிரத்தைத் தாரேன். இன்னைக்கு ஐயாயிரத்துக்குமேல எவனும் கேக்கமாட்டான்."

மேசைக்கு அடியில் கணவரின் காலை நறுக்கென்று மிதித்தாள் ஜீனா. மனுசன் அசையவில்லை.

லிங்கராஜ் அவள் பக்கம் திரும்பினான். "மதினி, நீங்களே சொல்லுங்க. புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனியில ரெண்டு லீவு பூரா துணியில நூல் பிசிறு வெட்டி வாங்குன கார்டு. மெட்ராஸ்ல வேலை கிடைச்சும் ரூம் அட்வான்ஸுக்கு வழியில்ல. மாமா தாரேன்னாரு, வேண்டாம்னுட்டேன். அந்த அடைமழையில எங்க ஊர்ல இருந்து, சிவப்புத் துண்டுல சுத்தி நெஞ்சோட அணைச்சு இங்க விக்கக் கொண்டாந்தேன். இன்னைவரைக்கும் ஒருத்தர்கிட்ட ஒத்த ரூவா சும்மா வாங்காம மேல வந்தவன் நான். இதுல கேம் ஓட்டி, 'இதுதாம்லே உங்கப்பனை ஆளாக்குச்சு'ன்னு என் மகனுக்குக் காட்டணும்."

அந்த நாள் ஜீனாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழையில் நனைந்து, குளிரில் பல் கிட்டித்துப்போய் வாசலில் நின்றான். சாமுவேல்ராஜ் கார்டை உள் அறைக்கு எடுத்துப்போனார். கால் மணி நேரம் கழித்து வந்தவர், பேரம்கூடப் பேசாமல் பணத்தை அவன் கையில் வைத்தார்.

"குடுத்துருங்களேன், பாவம்" என்றாள்.

"விக்கிறதுக்கு இல்லைன்னு எழுதிப் போட்டிருக்கேம்லா."

லிங்கராஜின் முகம் செத்துப்போனது. "நல்ல மனுசன்னு நெனைச்சேன் அண்ணாச்சி. இன்னும் விலையை ஏத்தலாம்னு பாக்கீங்க. இருக்கட்டும். வாரேன் மதினி."

அந்த 1050 டிஐயைக்கூட வாங்காமல் படியிறங்கிப் போய்விட்டான்.

ஜீனாவுக்கு வந்ததே கோபம்! "போணிக்கு வந்த ஆளை விரட்டியாச்சு! பன்னெண்டாயிரமும் போச்சு, பேரும் போச்சு. அந்தப் பாழாப்போன கார்டைக் கட்டிக்கிட்டு என்ன செய்யப்போறீங்க?"

"கத்தாதட்டி. அது ஓடாது. செத்த கார்டு."

"செத்ததா?" அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அதை அவன்கிட்டச் சொல்லித் தொலைச்சா என்ன? கோவப்படாமப் போயிருப்பாம்லா?"

"எப்ப செத்துச்சுன்னு அடுத்த கேள்வி கேப்பான். எனக்குத்தான் பொய் சொல்ல வராதே."

அது உண்மைதான். பொய் சொல்லத் தெரியாததால்தான் கடை இந்த லட்சணத்தில் கிடக்கிறது என்பது ஜீனாவின் கட்சி.

"நெசத்தைச் சொன்னா என்ன கெட்டுப்போச்சு?"

"இம்புட்டு நேரம் நிமிர்ந்து நின்னு பேசுனாம்லா, அப்புறம் அப்படிப் பேச மாட்டான்."

"அப்படி எப்பத்தான் செத்துச்சு?"

சாமுவேல்ராஜ் ஸ்டூலில் ஏறி கார்டை எடுத்தார். தூசியை ஊதினார். ஃபேன் இடுக்கில் அந்தத் துண்டின் நூலிழை ஒன்று, சிவப்பாக, இன்னும் சிக்கிக் கிடந்தது.

"துண்டு நனைஞ்சு தண்ணி உள்ள இறங்கியிருக்கு. நான் அது தெரியாம மாட்டி கரண்ட்டைக் குடுத்தேன். குப்புனு புகை வந்துட்டு" என்றார். "வெளிய நீ அவனைத் தலை துவட்டச் சொல்லி, டீ ஆத்திக் குடுத்துக்கிட்டு இருந்த பாரு... அப்பவே."