பத்தடி பின்னால்

"அண்ணா, உண்மையைச் சொல்லு. என் பின்னாடி வர்றியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? வேன்ல லோடு ஏத்திட்டு இருக்காங்க. போனை வை."

வைத்துவிட்டான். அப்படியானால் நாலு நாளாகப் பின்னால் வருவது யார்?

ஓடும் பஸ்ஸின் முன்சீட்டில் அவள் இயர்போனைச் சரிசெய்துகொண்டாள். ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவாள். வழி சொல்வது போன். வருவது காரா, சைக்கிளா, நாயா என்று சொல்வது தெரு. அதற்கு இன்னொரு காது வேண்டுமே.

அம்மாவைப் போலவே அவளுக்கும் முப்பது வயதுக்குள் பார்வை போயிற்று. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. ஆறு வருஷமாக அண்ணன்தான் வேனில் கொண்டுபோய் விடுவான். போன வாரம் திடீரென்று, "இனிமே நீயே போய்க்கோ. அதான் போன் வழி சொல்லுதே" என்றான்.

கை கழுவிவிட்டான் என்று இரண்டு நாள் அழுதாள். அண்ணிதான் மூட்டிவிட்டிருப்பாள் என்று அண்ணியோடும் பேச்சில்லை. போனால் போகிறதென்று அவன் செய்த ஒரே நல்ல காரியம், அவள் எங்கே போனாலும் தன் போனுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டதுதான்.

"நீங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம்" என்றது போன்.

இறங்கினாள். "சார், படியைப் பாத்து இறங்குங்க" என்று டிரைவர் யாரையோ அதட்டினார். பஸ் போய்விட்டது.

சரக்... சரக்... பத்தடி பின்னால் செருப்புச் சத்தம். அவள் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது.

"யாருங்க அது?"

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. காலை நேரம்தான், ஆனால் தெருவில் வேறு ஒரு குரல்கூட இல்லை.

வேண்டுமென்றே வலப்பக்கச் சந்தில் திரும்பினாள். "பாதை மாறிவிட்டீர்கள்" என்றது போன். செருப்பும் பாதை மாறியது.

சந்தின் நடுவில் தண்ணீர் தேங்கியிருந்தது. கோலால் தட்டிப் பார்த்து, சுவரோரமாகத் தாண்டினாள். பின்னால் 'சளப்' என்று ஒரு சத்தம். கண்ணிருக்கிறவன் எவனாவது பட்டப்பகலில் நேராகத் தண்ணீரில் கால் வைப்பானா? குடித்திருக்கிறான், பாவி!

அண்ணனைக் கூப்பிட்டாள். ரிங் போனது.

பத்தடி பின்னால் ஒரு போன் 'உர்ர்... உர்ர்...' என்று அதிர்ந்தது.

கூப்பிடுவதை நிறுத்தினாள். அதிர்வும் நின்றது.

பயம் போன இடம் தெரியவில்லை. விறுவிறுவென்று திரும்பி நடந்து, கோலை அவன் நெஞ்சில் ஊன்றி நிறுத்தினாள்.

"வேவு பாக்குறியா? ஒழுங்கா கொண்டுவந்து விட மாட்டே, தனியாவும் விட மாட்டே! உசிரே போயிடுச்சு எனக்கு. இவளால முடியாது, எங்கயாவது விழுந்து வைப்பான்னுதானே பின்னாடியே வந்தே?"

அவன் தடுமாறினான். போனிலிருந்து அவன் இயர்போன் கழன்று விழுந்தது. பதில் சொல்ல அவன் வாயெடுப்பதற்குள் கையிலிருந்த போன் முந்திக்கொண்டது. நாள் முழுக்க அவள் காதில் பேசுகிற அதே பெண்குரல்.

"தங்கை. நேர் எதிரே. ஒரு மீட்டர்."

"கொஞ்சம் மெதுவா நடம்மா," என்றான் அண்ணன். "எனக்கு இன்னும் பழகல."