பதினோரு வீட்டுப் பப்பாளி

"சார், நிஜமாவே வெட்டிடவா? கை வர மாட்டேங்குது."

அரிவாளோடு நின்ற தோட்டக்காரர் கேட்டார். ஆராய்ச்சியாளர் பதினோரு வீட்டார் நிரப்பி அனுப்பிய படிவங்களையே வெறித்துக்கொண்டிருந்தார். பதினொன்றிலும் ஒரே பதில்: 'ஒரு காய்கூடக் காய்க்கவில்லை.' அவர்களில் ஒருவரான தையல்காரம்மா எழுதியதன் மூலையில் மட்டும் ஏதோ மஞ்சள் கறை. சமையலறையில் வைத்து எழுதியிருப்பார்.

ஒன்பது வருட உழைப்பு! இடுப்பளவு உயரம், தொட்டியிலேயே வளரும், பழத்தில் விதையே இருக்காது. வீட்டில் வளர்ப்பவர்களுக்கென்றே அவர் உருவாக்கிய பப்பாளி. ஒரே குடியிருப்பில் பதினோரு வீடுகளுக்குக் கன்று கொடுத்து, "நான் வந்து எண்ணுற வரைக்கும் ஒரு பழத்தைக்கூடப் பறிக்கக் கூடாது" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

"இங்கே நம்ம தோட்டத்துல கொத்துக் கொத்தாக் காய்ச்சுதே, சார்?"

"இங்கே காய்ச்சு என்ன புண்ணியம்? வீட்டுல காய்க்கணும். அதுக்குத்தானே இந்த ரகம்! மேலிடத்துல சிரிக்கிறாங்க. நிலத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அந்த வீடுகளுக்கும் நேத்தே போன் பண்ணி, பிடுங்கிப் போடச் சொல்லிட்டேன்."

"நேர்ல ஒரு நடை போய்ப் பாத்திருக்கலாம்."

"எதை? இல்லாத காயை எண்ணவா?" அவர் குரல் உடைந்தது. "போங்க. ஒண்ணு விடாம வேரோட எடுத்து எரிச்சுடுங்க."

ஜன்னலைச் சாத்திக்கொண்டார். வெளியே வெட்டும் சத்தம் தொடங்கியது. அடக்க முடியாமல் அழுதார்.

மதியம் தோட்டக்காரர் கரி படிந்த கையோடு வந்து, "முடிஞ்சுது, சார்" என்றார். அவர் பின்னாலேயே தையல்காரம்மா தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"வாங்கம்மா. பிடுங்கியாச்சா?"

"ஆச்சு, சார். பதினோரு வீட்டுதும் காலையிலேயே குப்பை வண்டியில போயிடுச்சு." அவர் தலை நிமிரவில்லை. "உங்ககிட்ட ஒரு தப்பை ஒத்துக்கணும். அது பழுத்த வாசனையில யாருக்கும் மனசு கேக்கலை. எல்லா வீட்டுலயும் ஒண்ணு மிச்சமில்லாம தின்னு தீத்துட்டோம். எண்ண வந்தா திட்டுவீங்கன்னு பயந்து, காய்க்கவே இல்லைன்னு பேசி வெச்சு எழுதிட்டோம்."

ஆராய்ச்சியாளர் ஜன்னலைத் திறந்தார். தோட்டம் முழுக்கச் சாம்பல்.

"கோவிச்சுக்காதீங்க, சார். பிள்ளைங்க அழுதுட்டு இருக்குதுங்க. அதே ரகத்துல இன்னொரு கன்னு கிடைக்குமா?"