மலை மேலே அடையாறு

"அடையாறு டெப்போ, டெப்போ! உள்ள போ சார், படியில தொங்காத!" கண்டக்டர் கத்தினார். விசில் அடித்தது. பின்னாலேயே ஒரு ஆட்டோ ஹாரன் அலறியது.

"கேக்குதாம்மா சத்தம்? ஷ்ரேயா வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். ஒரே டிராபிக்" என்றாள் அன்புக்கரசி, போனில்.

அவள் நின்றது ஏற்காடு மலையில், ஒரு காபித் தோட்டத்து ஓரம், அப்போதுதான் அடித்து முடித்த கூடாரத்தின் வாசலில். கண்டக்டர் இருந்தது அவளுடைய இன்னொரு பழைய போனுக்குள், பதிவாக. அவர் பேச்சை மதித்து, பாறையில் உட்கார்ந்திருந்த குரங்கு மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தது.

தரமணியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அன்புக்கு கியர் சைக்கிள் என்றால் உயிர். தனியாக மலையேறி, கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்காக விடிகாலைகளில் அடையாறு மேம்பாலத்தில் ஏறி ஏறி இறங்கிப் பழகினாள். சென்னைக்காரிக்கு மேடு என்று வேறு எது இருக்கிறது?

மேம்பாலம் வேறு, மலை வேறு என்பது முதல் கொண்டை ஊசி வளைவிலேயே புரிந்துபோனது. தொடை கெஞ்சியது, காது அடைத்தது, வழியில் போன ஆட்டுக்குட்டி கூட அவளை முந்திக்கொண்டு போனது. ஆனாலும் ஏறிவிட்டாள். கீழே மேகம் கிடப்பதைப் பார்த்தபோது சந்தோஷத்தில் கத்தவே செய்தாள்.

அம்மா கெங்கம்மாவுக்குத்தான் விஷயம் தெரியக்கூடாது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள், பிறந்ததிலிருந்து கடலையே பார்த்தவள், மலையை டிவியில் பார்த்ததோடு சரி. போன மாதம் அன்பு மலை, கூடாரம் என்று பேச்செடுத்ததுமே, "பொட்டப் புள்ள தனியா மலைக்கா? போய்ப் பாரு, அந்த சைக்கிள காயலாங்கடையில போட்டுட்டுதான் மறுவேலை" என்று முடித்துவிட்டாள். சொன்னால் செய்கிறவள். ராத்திரியில் முனகுகிறது என்று டேபிள் ஃபேனை ஏற்கெனவே அங்கே அனுப்பியிருக்கிறாள்.

மத்தியானம்கூட உயிர் போய்த் திரும்பியது. ஏற்காட்டு ஓட்டல்களுக்கு மீன் ஏற்றி வரும் குப்பன் மாமாவின் ஐஸ் வண்டி பின்னாலேயே வந்துவிட்டது. அவர் பார்த்தால் பட்டினப்பாக்கம் முழுக்கப் பார்த்த மாதிரி. அன்பு ஹெல்மெட்டை மூக்குவரை இழுத்துவிட்டு ஒரு மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். வண்டி நிற்காமல் போய்விட்டது.

"நீ எங்கம்மா இருக்க?"

"மார்க்கெட்லதான், வேற எங்க?" கெங்கம்மா கத்தினாள். "கொஞ்சம் ஒரக்கப் பேசுடி. மத்தியானத்துலேர்ந்து காது அடைச்சிகினு கீது, ஒண்ணும் வெளங்கல. ஆமா, உன் பல்லு இன்னாத்துக்குக் கிடுகிடுன்னு ஆடுது?"

"ஏசிம்மா. ஷ்ரேயா வீட்டுல பெரிய ஏசி."

"வாசல்ல நிக்கிறேன்னு சொன்ன?"

"வாசல் வரைக்கும் வருதும்மா காத்து."

"அந்தப் பொண்ணு கையில போனைக் குடு."

அன்புக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. கூட வேலை பார்க்கும் ஷ்ரேயா பூர்வீக மயிலாப்பூர் ஐயர் வீட்டுப் பெண். வேறு வழியில்லாமல் அன்பு மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"நமஸ்காரம் மாமி! அன்பு எங்காத்துலதான் இருக்கா. சமத்தா டிவி பார்த்துண்டு இருக்கா."

"இன்னாம்மா, குரலு ஒரு மாதிரி கீது?"

"ஜலதோஷம் மாமி."

"ஐய, பாவம். ராவிக்கு அவளுக்கு சோறு இன்னா?"

"வத்தக்குழம்பு மாமி. அவளே ஆசைப்பட்டுக் கேட்டா."

"வத்தக்குழம்பா? என் மவளா?"

அந்த நேரம் பார்த்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்று வைத்திருந்த ஒரே பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு தூக்கியது. "டேய் சனியனே, வுட்றா அத்த!" என்று பாய்ந்தாள் மயிலாப்பூர்ப் பெண்.

"யாரைம்மா திட்ற?"

"அன்பைத்தான் மாமி. விளையாட்டுக்கு."

"நல்லா திட்டு. இப்ப அவ கையில குடு."

அன்பு மூக்கை விட்டாள். "சொல்லும்மா" என்றபோது குரல் உடைந்துவிட்டது. பாதி பொய் சொன்ன வருத்தம், பாதி பிஸ்கட் போன வருத்தம். ஒரு கையால் சைக்கிளின் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இனி இது தனக்கு இல்லை என்று தெரிந்துபோயிற்று.

கெங்கம்மா தொண்டையைச் செருமினாள். திட்டு வரும் என்று அன்பு போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். வந்தது திட்டு இல்லை. அம்மாவிடம் இதுவரை கேட்டிராத, கொஞ்சம் கெஞ்சலான குரல்.

"குப்பன் என்னை இங்க ஏற்காட்டுல எறக்கி வுட்டுட்டு கீழ போய்ட்டான்டி. நீ போட்டுகீற கூடாரத்துல ரெண்டு பேரு படுக்கலாமா?"